ஆக்சுவரி தகுதியின் கடைசிப் படியில் ஒரு சிறு பேச்சு: அது வெறும் சடங்கா?

சோழிங்கநல்லூர் வாசகர், 2024 ஜூலை 6

எழுத்துத் தேர்வுகள் எல்லாம் முடிந்துவிட்டன. காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் நிதி ஆபத்தைக் கணக்கிடுபவர்கள் ஆக்சுவரிகள். அவர்களுடைய அமெரிக்கக் கழகம் தரும் ஃபெலோ என்னும் இறுதித் தகுதிக்கு முன்னால் எஃப்ஏசி என்னும் பயிற்சி வகுப்பு ஒன்றுதான் மிச்சமிருக்கிறது. அதில் ஒரு குறுகிய வாய்மொழி உரை நிகழ்த்த வேண்டும். இத்தனை ஆண்டுகள் கணக்கோடு போராடி வந்தவருக்கு இது வெறும் சடங்குதான் என்பது என் கருத்து. வேரியபிள் ஆன்யுட்டி என்னும், சந்தையோடு ஏறி இறங்கும் ஓய்வுக்கால முதலீட்டுத் திட்டங்களில் நிறுவனம் தரும் உத்தரவாதத்துக்காக, ஆயிரம் சூழல்களை ஓட்டிப் பார்க்கும் மாடல் ஒன்றில் வேலை செய்கிறேன். அதைப் பற்றியே பேசலாம் என்று 24 ஸ்லைடுகள் தயாரித்துவிட்டேன். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

பணிக்கொடைக்காரர், 2024 ஜூலை 7

சேர்க்க ஒன்றும் இல்லை. எடுக்க நிறைய இருக்கிறது.

சடங்கு என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. நான் வந்த வழி பிரிட்டனின் வழி. அங்கே அப்போது சிஏ3 என்ற தாளில் எழுத்துப் பகுதியோடு வாய்மொழிப் பகுதியும் இருந்தது. 2019 பாடத்திட்ட மாற்றத்தில் அது சிபி3 ஆக மாறி, பேச்சு போய், எழுத்து மட்டும் நின்றது. அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் எஃப்ஏசிக்குப் போகும் இளையவர்களின் ஒத்திகைகளில் கேட்பவனாக உட்கார்ந்து வருகிறேன். கணக்கு தெரியாமல் திணறிய ஒருவரைக்கூட அங்கே நான் பார்த்ததில்லை. தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்ற வேகத்தில் திணறியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

எத்தனை நிமிடம் என்பதை உங்களுக்கு வந்திருக்கும் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவே இறுதி. கணக்குக்காக எட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நிதானமாகப் பேசினால் ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130 சொற்கள் வரும், ஆக மொத்தம் ஆயிரம் சொல்லைச் சற்றே தாண்டும். அதை 24 ஸ்லைடுகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 20 நொடி கிடைக்கும். அந்த 20 நொடியில் கேட்பவர் தலைப்பைப் படித்து, அச்சுகளைப் பார்த்து, கோடு எங்கே போகிறது என்று கண்டுபிடித்து முடிப்பதற்குள் நீங்கள் அடுத்ததற்குப் போயிருப்பீர்கள்.

ஸ்லைடுகளை மூடி வைத்துவிட்டு, அந்த மாடலின் முடிவைக் கேட்டபின் யார் எதைத் தீர்மானிக்கப் போகிறார் என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியம் வரவில்லையென்றால் உங்களிடம் இப்போது இருப்பது ஒரு பொருள் மட்டுமே, பேச்சு இன்னும் பிறக்கவில்லை.

பணிக்கொடைக்காரர், 2024 ஜூலை 7, இரவு

எட்மண்ட் ஹேலி 1693இல் பிரெஸ்லாவ் நகரத்தின் இறப்புக் கணக்கைக் கொண்டு ஆயுள் அட்டவணை அமைத்தார் என்று தொடங்க நினைத்திருந்தால், வேண்டாம். வால்மீன் ஹேலிதான் அவர் என்ற உபதகவலோடு சேர்த்து அதற்கு ஒரு நிமிடம் போய்விடும், அவையில் இருக்கும் ஆக்சுவரிகள் எல்லோரும் அதை முன்பே கேட்டவர்கள்.

பணிக்கொடைக்காரர், 2024 ஜூலை 9

"கேட்கப்போகிறவர்களும் ஆக்சுவரிகள்தானே, அவர்களுக்கு ஏன் எளிமைப்படுத்த வேண்டும்?" என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, ஆகவே இங்கேயே பதில் எழுதுகிறேன்.

அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆக்சுவரிகள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் அங்கே எடை போடுவது, நாளைக்கு ஓர் இயக்குநர் குழுவின் முன்னோ வாடிக்கையாளரின் முன்னோ உங்களை அனுப்பலாமா என்பதைத்தான். அமெரிக்காவில் ஆக்சுவரியின் தகவல் தொடர்புக்கென்றே ஏஎஸ்ஓபி 41 என்ற நடைமுறைத் தரம் இருக்கிறது. ஆக்சுவரி சொல்வது தெளிவாக இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தப்போகிறவர் யார் என்பதைக் கருத்தில் கொண்டு, சூழ்நிலைக்குப் பொருந்தும் மொழியில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதை வகுப்புக்காகச் சொல்லப்பட்ட அறிவுரை என்று எண்ண வேண்டாம், தொழில் ஒழுங்கின் ஒரு பகுதி அது.

எனக்கு இது புரிந்த இடம் அம்பத்தூர். உதிரிபாகம் செய்யும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றின் பணிக்கொடைப் பொறுப்பை, அதாவது எல்லோரும் கிராஜுவிட்டி என்று சொல்வதில் ஊழியர்களுக்குப் பின்னால் கொடுக்க வேண்டியிருக்கும் தொகையை, ஆண்டு முடிவில் மதிப்பிட்டுக் கொடுத்திருந்தோம். தொகை முந்தைய ஆண்டைவிடக் கணிசமாக ஏறியிருந்தது. காரணங்களை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பங்கு காட்டி, அழகான படிக்கட்டு வரைபடம் ஒன்றும் போட்டுக்கொண்டு போயிருந்தேன். முதலாளி இரண்டாவது ஸ்லைடிலேயே கையை உயர்த்தி நிறுத்தினார். "என் லாபத்தில் எவ்வளவு போச்சு, ஏன் போச்சு, அடுத்த வருஷமும் போகுமா?" அந்தக் கேள்விகளுக்கான பதில் என் வரைபடத்தில் இருந்தது. ஆனால் ஏழாவது ஸ்லைடில், வேறு வரிசையில் இருந்தது.

பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனமாக இருந்தால் இண்ட் ஏஎஸ் 19 என்ற கணக்கியல் தரநிலையின்படி இந்த ஏற்ற இறக்கம் லாப நட்டக் கணக்கைத் தொடாமல், அதற்கு வெளியே தனியாகக் காட்டும் பிற விரிவான வருமானத்தில் போய் உட்காரும். அந்தத் தொழிற்சாலைக்குப் பொருந்தியது பழைய தரநிலையான ஏஎஸ் 15, அங்கே எல்லாம் நேராக லாபத்தில் விழும். அதனால் அவருடைய முதல் கேள்வி லாபத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்பதை உள்ளே நுழைவதற்கு முன்பே ஊகித்திருக்கலாம். கேட்பவரைத் தெரிந்துகொள்வது என்றால் அவருடைய படிப்பையும் வயதையும் விசாரிப்பது அல்ல, எந்தக் கணக்கேட்டில் அவருக்கு வலிக்கிறது என்று அறிவது.

பணிக்கொடைக்காரர், 2024 ஜூலை 13

"ஏன்" என்ற பகுதியை அந்த முதலாளிக்கு எப்படிச் சொன்னேன் என்று கேட்டிருந்தீர்கள். அன்று சொன்னதைவிடப் பின்னால் சொல்லப் பழகிய வடிவம் நன்றாக இருப்பதால் அதையே தருகிறேன்.

காரணம் வட்டி. வருங்காலத்தில் கொடுக்க வேண்டிய பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர நாம் எடுக்கும் டிஸ்கவுண்ட் ரேட், ஆண்டு முடிவு நாளில் அரசுப் பத்திரங்கள் தரும் வருவாயைச் சார்ந்தது. பத்தாண்டுப் பத்திரத்தின் வருவாய் 2014இன் தொடக்கத்தில் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2020இன் நடுவில் 6 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. இதை ஒரு வரைபடமாகப் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் முதலாளிக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. ஆகவே இப்படிச் சொல்வேன்:

"இருபது ஆண்டு கழித்து ஒருவருக்கு 100 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 சதவீத வட்டி கிடைத்தால் இன்றைக்கு 21 ரூபாய் ஒதுக்கினால் போதும். 7 சதவீதம்தான் கிடைக்கும் என்றால் 26 ரூபாய் ஒதுக்க வேண்டும். நீங்கள் கொடுக்கப்போகும் 100 ரூபாய் மாறவில்லை. ஒதுக்கி வைத்த பணம் உங்களுக்காக உழைப்பது குறைந்துவிட்டது."

கால்குலேட்டரில் 21.45 என்றும் 25.84 என்றும் வரும். பேசும்போது தசமத்தை விட்டுவிடுங்கள், காதால் கேட்பவர் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள மாட்டார். ஒரு லட்சம் என்று சொல்லாமல் 100 என்று எடுத்ததற்கும் காரணம் உண்டு. எஃப்ஏசி அவையில் லட்சமும் கோடியும் அறியாதவர்கள் இருப்பார்கள், நீங்கள் அவர்களுக்காக மனத்துக்குள் பூஜ்யங்களை எண்ணத் தொடங்கினால் பேச்சு அங்கேயே தடுக்கும். நூறு எல்லா நாட்டுக்கும் நூறுதான்.

பணிக்கொடைக்காரர், 2024 ஜூலை 14

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு யாராவது தம் நிறுவனத்தின் மொத்தப் பொறுப்பும் ஒரு சதவீத வட்டிக் குறைவில் ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும் என்று எண்ணிவிடக்கூடாது. 21 என்பது 26 ஆவது இன்னும் இருபது ஆண்டு வேலையில் இருக்கப்போகும் ஒருவருக்கான கணக்கு. தொழிற்சாலையில் இளைஞர்களும் இருப்பார்கள், அடுத்த ஆண்டு ஓய்வு பெறுபவர்களும் இருப்பார்கள், நடுவில் வேலையை விட்டுப் போகிறவர்களும் இருப்பார்கள். எல்லாம் சேர்ந்த சராசரிக் காலம் பத்தாண்டு என்றால் 100 ரூபாய்க்கான ஒதுக்கீடு 46இலிருந்து 51 ஆகும், அதாவது ஏறக்குறைய பத்து சதவீத ஏற்றம்.

இதில் பேச்சுக்கு உதவும் ஒரு சுருக்கம் இருக்கிறது. சராசரிக் காலம் எத்தனை ஆண்டோ, வட்டி ஒரு சதவீதம் குறையும்போது பொறுப்பு ஏறத்தாழ அத்தனை சதவீதம் ஏறும். பத்தாண்டுக்குப் பத்து, இருபதுக்கு இருபது. டியூரேஷன் என்ற தலைப்பில் நாமெல்லாம் பக்கம் பக்கமாகப் படித்ததை இப்படி ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம், சமன்பாடு ஒன்றுகூடத் தேவையில்லை.

ஆகவே எட்டு நிமிடப் பேச்சாக இருந்தால் இருபது ஆண்டு உதாரணத்தை முதலில் சொல்லி, உடனே "உங்கள் தொழிற்சாலையின் சராசரி பத்தாண்டு, அதனால் உங்களுக்குப் பாதி" என்று முடிச்சுப் போட வேண்டும். முடிச்சைப் போட மறந்தால் கேட்பவர் இருபதோடு வீட்டுக்குப் போவார்.

பணிக்கொடைக்காரர், 2024 ஜூலை 15

ஆடிட்டர் ஒருவர் எதிர்வாதம் அனுப்பியிருக்கிறார். பணிக்கொடை கடைசிச் சம்பளத்தைப் பொறுத்தது, மாதச் சம்பளத்தில் 26இல் 15 பங்கை வேலை செய்த ஆண்டுகளால் பெருக்குகிறோம், ஆகவே சம்பள உயர்வைப் பற்றிப் பேசாமல் வட்டியை மட்டும் பேசுவது அரைக் கதை என்கிறார். அவர் சொல்வது சரி. 26,000 ரூபாய் சம்பளத்தில் 20 ஆண்டு முடித்தவருக்கு 3 லட்சம் ரூபாய், சம்பளம் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். 20 லட்சம் என்ற உச்சவரம்பு எட்டப்படாத வரைக்கும் அப்படித்தான். மதிப்பீட்டை உண்மையில் ஆட்டி வைப்பது வட்டிக்கும் சம்பள உயர்வுக்கும் இடையே உள்ள இடைவெளி. இரண்டும் ஒன்றாகத் தலா ஒரு சதவீதம் இறங்கினால், இனி வரும் ஆண்டுகளுக்கான கணக்கில் ஒன்றை ஒன்று பெரும்பாலும் சரிக்கட்டிவிடும்.

ஆனால் இதைப் பேச்சுக்குள் கொண்டுவருவதா என்பது வேறு கேள்வி. அந்த ஆண்டில் சம்பள உயர்வு ஊகம் மாறவில்லை, வட்டிதான் மாறியது. நடந்தது எதனால் என்று கேட்டவருக்கு நடக்காததையும் விளக்கத் தேவையில்லை. இடைவெளி விஷயத்தைக் கேள்வி நேரத்துக்கு வைத்திருப்பேன், ஏனென்றால் அந்தக் கேள்வி வந்தே தீரும், அதுவும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் வரும்: "அப்படியானால் சம்பள உயர்வைக் குறைத்துப் போட்டு இதைச் சரிசெய்ய முடியுமா?" ஊகங்கள் பக்கச்சார்பின்றியும் ஒன்றோடொன்று பொருந்தியும் இருக்க வேண்டும் என்று கணக்கியல் தரநிலை சொல்கிறது, சம்பளத்தை உண்மையிலேயே குறைவாக உயர்த்தப் போகிறீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பின் பெரும்பாலும் காபி வரும்.

பணிக்கொடைக்காரர், 2024 ஜூலை 21

ஆடி பிறந்துவிட்டது. எங்கள் தெரு முனை அம்மன் கோயிலில் காலை ஐந்து மணிக்கே ஒலிபெருக்கி தொடங்கிவிடுகிறது. இணையவழியில் ஒத்திகை வைத்திருந்த இளையவர் ஒருவர் எல்.ஆர். ஈஸ்வரி குரலுக்கு மேல் தம் குரலை உயர்த்தி ரிஸ்க் மேனேஜ்மென்ட்டை விளக்க வேண்டியதாயிற்று. இணையவழியாகப் பேசுவதாக இருந்தால் நாளும் நேரமும் வந்தவுடன் தெருவின் நாட்காட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் மாற்று ஏற்பாடு செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்தச் சத்தத்தால் ஒன்று தெளிந்தது. பாட்டு வரும்போதெல்லாம் அவர் வேறு வழியின்றி நிறுத்தினார், பாட்டு அடங்கியதும் தொடர்ந்தார். அந்த இடைவெளிகளுக்குப் பிறகு வந்த வாக்கியங்கள்தான் எனக்கு நினைவில் நின்றன. எண் ஒன்றைச் சொன்னபின் இரண்டு நொடி நிறுத்துவது பேசுபவருக்கு யுகமாகத் தெரியும், கேட்பவருக்கு அது எழுதிக்கொள்ளும் நேரம். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். உங்கள் நிறுத்தங்கள் நீங்கள் நினைத்ததில் பாதிகூட இருக்காது.

ஒத்திகையை யார் முன்னால் செய்வது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. குடும்பத்தார் முன் பேசிக் காட்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். குடும்பத்தார் பாசத்தில் தலையாட்டுவார்கள். அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவர், மனிதவளப் பிரிவில் இருப்பவர் போன்ற, எண்ணோடு பழகினாலும் நம் எண்ணோடு பழகாத ஒருவரைப் பிடியுங்கள். பேசி முடித்ததும் "நன்றாக இருந்ததா?" என்று கேட்காமல், "நீங்கள் இப்போது என்ன முடிவெடுப்பீர்கள்?" என்று கேளுங்கள்.

பணிக்கொடைக்காரர், 2024 ஜூலை 28

உங்கள் ஆயிரம் சூழல்களுக்கு வருகிறேன். இதுவரை என் தொழிற்சாலைக் கதையே ஓடிக்கொண்டிருந்தது.

வேரியபிள் ஆன்யுட்டியில் வாடிக்கையாளரின் பணம் பங்குச்சந்தையோடு ஏறி இறங்கும், ஆனால் சந்தை எவ்வளவு விழுந்தாலும் இவ்வளவு தருவோம் என்று நிறுவனம் ஓர் உத்தரவாதம் கொடுத்திருக்கும். அமெரிக்காவில் இதற்கான ஒதுக்கீட்டை விஎம்-21 விதி வகுக்கிறது, அதன் மையத்தில் சிடிஇ 70 என்ற அளவு இருக்கிறது. உங்கள் 24 ஸ்லைடில் பதினொன்று வட்டி வீத மாடலையும் பங்குச்சந்தை மாடலையும் பற்றியவை, சிடிஇ 70க்கு ஒன்றே ஒன்று. எனக்குத் தோன்றும் விகிதம் இதற்கு நேர் எதிரானது.

சிடிஇ 70 என்ற எண்ணைக் கேட்கும் இயக்குநர் என்ன நினைப்பார்? நூற்றுக்கு எழுபது முறை பாதுகாப்பு என்று நினைப்பார், அது பிழையான புரிதல். ஆயிரம் சூழல்களையும் நல்லதிலிருந்து மோசமானது வரை வரிசைப்படுத்தினால் எழுநூறாவது இடம் வெறும் வாசல். அதைத் தாண்டி உள்ளே இருக்கும் மோசமான முந்நூறின் சராசரிதான் சிடிஇ 70. இதைப் பேச்சில் இப்படிச் சொல்லலாம்:

"ஆயிரம் எதிர்காலங்களைக் கணினியில் ஓட்டினோம். எழுநூறை ஒதுக்கி வைத்தோம். மீதி மோசமான முந்நூறில் நமக்கு ஆகும் செலவின் சராசரியை எடுத்து, அந்தப் பணத்தை இன்றே தனியாக வைக்கிறோம்."

அடுத்து வரும் கேள்வியும் தெரிந்ததே: அந்த முந்நூறில் ஒன்று உண்மையில் வந்துவிட்டால் இந்தப் பணம் போதுமா? சராசரி என்பதால் சிலவற்றுக்குப் போதும், சிலவற்றுக்குப் போதாது. இத்தகைய உத்தரவாதங்களில் இழப்பின் வால், அதாவது மிக மோசமான சூழல்களின் பகுதி, கடைசியில் செங்குத்தாக ஏறுவதால், அந்தச் சில பெருவிபத்துகள் சராசரியை மேலே இழுத்துவிடுகின்றன, ஆகவே முந்நூறில் பாதிக்கும் குறைவானவற்றில்தான் பற்றாக்குறை வரும். அதற்குத்தான் ஒதுக்கீட்டுக்கு மேல் மூலதனம் என்ற இன்னோர் அடுக்கு. அந்தக் கணக்கில் சிடிஇ 98 பார்க்கப்படுகிறது, ஆயிரத்தில் கடைசி இருபதின் சராசரி.

முந்நூறு, இருபது. உங்கள் பேச்சு முழுவதும் இந்த இரண்டு எண்களின் மேல் நிற்க முடியும். பங்குச்சந்தை மாடலின் பெயர் ஒரு முறைகூட வரத் தேவையில்லை.

சோழிங்கநல்லூர் வாசகர், 2024 ஆகஸ்ட் 2

ஒன்பது ஸ்லைடாகக் குறைத்திருக்கிறேன். கேட்பவர், இந்த உத்தரவாதத்தை இதே விலைக்குத் தொடர்ந்து விற்கலாமா என்று தீர்மானிக்கும் இயக்குநர் குழு என்று முடிவு செய்தேன். ஆனால் ஒரு சங்கடம். முறையைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டால், இவருக்கு ஆழம் தெரியாது என்று அவையில் இருப்பவர்கள் நினைக்க மாட்டார்களா? இரண்டு ஆண்டு உழைப்பு அந்தப் பதினொன்றில்தான் இருக்கிறது.

பணிக்கொடைக்காரர், 2024 ஆகஸ்ட் 3

கடைசி வாக்கியம்தான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உழைப்பை வெளியே காட்ட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. வீட்டு விருந்தில் சாப்பிட வந்தவரிடம் எத்தனை மணிக்கு எழுந்து மாவு அரைத்தோம் என்று சொல்லிக்கொண்டே பரிமாறுகிறோம், அவருக்கோ இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பதினொன்றையும் அழிக்க வேண்டாம். முடிவு ஸ்லைடுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். கேள்வி நேரத்தில் ஒருவர் "வட்டி வீதப் பாதைகளை எப்படி உருவாக்கினீர்கள்?" என்று கேட்டால், அதற்குரிய ஸ்லைடை உடனே திறந்து ஒரு நிமிடத்தில் விளக்குங்கள். முன்னாலேயே கொட்டிய பதினொன்றைவிட, கேட்டவுடன் எடுத்த ஒன்று உங்கள் ஆழத்தை அதிகமாகக் காட்டும்.

ஆனால் மாடலின் வரம்பைப் பற்றி ஒரு வாக்கியம் மட்டும் உரைக்குள்ளேயே இருக்க வேண்டும், அதைப் பின்னால் ஒளித்து வைக்கக்கூடாது. வாடிக்கையாளர்கள் எப்போது திட்டத்தைக் கைவிடுவார்கள் என்ற ஊகத்தின் மேல் உங்கள் முந்நூறும் இருபதும் நிற்கின்றன. சந்தை விழுந்து, உத்தரவாதம் மதிப்புமிக்கதாக ஆகும்போது யாரும் அதை விட்டுப் போக மாட்டார்கள். அந்த நடத்தையை மாடல் குறைத்து மதிப்பிட்டிருந்தால் இரண்டு எண்களுமே சிறியவை. விலையைத் தீர்மானிக்கப்போகிறவருக்கு இது தெரிந்தாக வேண்டும். சந்தை மாடலின் பெயர் தெரியாமல் அவர் முடிவெடுக்கலாம், இது தெரியாமல் எடுக்கக்கூடாது. எதை விடுவது, எதை வைப்பது என்ற கேள்வி வரும்போதெல்லாம் நான் இந்த அளவுகோலைத்தான் வைத்துப் பார்க்கிறேன்.

பணிக்கொடைக்காரர், 2024 ஆகஸ்ட் 4

பள்ளியில் பேச்சுப்போட்டிப் பரிசு வாங்கியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அவையோருக்கும் நடுவர்களுக்கும் வணக்கம் சொல்லி, "என்னைப் போன்ற சிறியேனுக்கு" என்று அவையடக்கம் பாடி, நிறைவில் குரலை உயர்த்திக் கைதட்டல் வாங்கி இறங்கும் பழக்கம் நம்மை எளிதில் விடுவதில்லை, ஆங்கிலத்தில் பேசும்போதும் அந்த ராகம் வந்துவிடுகிறது. முழுவதையும் மனப்பாடம் செய்வதும் அங்கிருந்து வந்ததே. ஒரு சொல் மறந்தால் முழுப் பத்தியும் போய்விடும். முதல் இரண்டு வாக்கியங்களும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும், நடுவில் அடுத்து என்ன என்பது தெரிந்தால் போதும்.

பணிக்கொடைக்காரர், 2024 ஆகஸ்ட் 11

கேள்வி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் இளையவர்கள் ஒத்திகையில் அதைத்தான் தவிர்க்கிறார்கள்.

கேள்விகள் பெரும்பாலும் உரையில் இருக்கும் ஏதோ ஒரு முரணிலிருந்து பிறக்கின்றன. என் பணிக்கொடைப் பேச்சில் அது இதுதான்: "வட்டி இறங்கியதால் வங்கியில் என் கடனுக்கு வட்டி குறைந்தது, எனக்கு நல்லதுதானே, பிறகு இது மட்டும் ஏன் ஏறுகிறது?" கேட்டவர் அறியாமையில் கேட்கவில்லை, மிகச் சரியாகக் கேட்டார். வங்கியில் அவர் கடன் வாங்கியவர், ஆகவே குறைந்த வட்டி அவருக்கு ஆதாயம். பணிக்கொடையில் அவர் எதிர்காலத்துக்காகச் சேமிப்பவரின் இடத்தில் இருக்கிறார், சேமிப்பவருக்குக் குறைந்த வட்டி நட்டம். ஒரே மனிதர் மேசையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னதும் அவருக்கு விளங்கிவிட்டது. அதன்பின் அந்தக் கேள்வியை நானே உரைக்குள் எழுப்பிப் பதில் சொல்லத் தொடங்கினேன், உரை அதனால் மேம்பட்டது.

உங்கள் பேச்சிலும் அப்படி ஒன்று இருக்கிறது. ஆயிரத்தில் எழுநூறு சூழல்களில் நிலைமை நன்றாகத்தான் போகிறது என்றால், விலையை ஏன் உயர்த்தச் சொல்கிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள். அதற்கு இப்போதே இரண்டு வாக்கியத்தில் பதில் எழுதிப் பாருங்கள். சந்தை விழும்போது எல்லா வாடிக்கையாளருக்கும் சேர்ந்து ஒரே நேரத்தில் விழுகிறது என்பதில் பதில் இருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் ஒருவருடைய மரணம் மற்றொருவரின் மரணத்தைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை, ஆகவே எண்ணிக்கை கூடக்கூடச் சராசரி நம்மைக் காப்பாற்றும். சந்தை உத்தரவாதத்தில் பத்தாயிரம் பேர் இருந்தாலும் பத்து லட்சம் பேர் இருந்தாலும் ஆபத்து பங்கிடப்படுவதில்லை, பெருகுகிறது. காப்பீட்டுத் துறையில் நீண்டகாலம் இருந்த இயக்குநர்களுக்குக்கூட இந்த வேறுபாடு உடனே மனத்தில் வருவதில்லை. உரைக்குள் ஒரு நிமிடம் ஒதுக்கத் தகுந்தது என்றால் இதுதான்.

பதில் தெரியாத கேள்வி வந்தால், தெரியாது என்பதையும், தெரிந்துகொள்ள எந்தக் கணக்கை ஓட்ட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். உதாரணமாக, "கைவிடும் வீதத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டினால் விடை கிடைக்கும், இன்னும் அதைச் செய்யவில்லை" என்றால் போதும்.

பணிக்கொடைக்காரர், 2024 ஆகஸ்ட் 17

ஜூலை 9 குறிப்பில் கேட்பவரை முன்கூட்டி நிர்ணயித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியதைச் சிலர் நாடகமாக்கிவிட்டார்கள். நேற்றைய ஒத்திகையில் ஒருவர் நிறுவனத்தின் வரலாறு, இயக்குநர்களின் பின்னணி, கூட்டம் கூடிய காரணம் என்று கற்பனைச் சூழலை விவரித்தே ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழித்தார். "நீங்கள் இந்தத் திட்டத்தின் விலையைத் தீர்மானிக்கும் குழு" என்று ஒரு வாக்கியம் போதும். மீதியை உதாரணங்களும் சொற்களும் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்றும் மறுபடி யோசித்தேன். எண்ணைச் சொல்லி நிறுத்த வேண்டும் என்று சொன்னது எல்லா எண்ணுக்கும் பொருந்தாது. முந்நூறுக்கு நிறுத்துங்கள், இருபதுக்கு நிறுத்துங்கள். ஆயிரத்துக்கு வேண்டாம், அது வெறும் பின்னணி.

சோழிங்கநல்லூர் வாசகர், 2024 ஆகஸ்ட் 24

ஆறு ஸ்லைடு. கணக்குப் பிரிவில் இருக்கும் அக்காவிடம் பேசிக் காட்டினேன். "விலையை ஏற்றுவேன், இல்லாவிட்டால் உத்தரவாதத்தைக் குறைப்பேன்" என்றார். "ஆனால் எவ்வளவு ஏற்றுவது என்று நீ சொல்லவே இல்லையே" என்றும் கேட்டார். உரையின் எழுத்து வடிவத்தை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பணிக்கொடைக்காரர், 2024 ஆகஸ்ட் 25

படித்தேன். அக்கா கேட்டது சரியான கேள்வி, அதற்குப் பதிலை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் பரிந்துரை இப்போது ஐந்தாவது ஸ்லைடில் இருக்கிறது. அதை முதலில் வைத்து, ஏன் என்று பிறகு விளக்கினால் கேட்பவர் எட்டு நிமிடமும் துப்பறிந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. எவ்வளவு என்பதை ஒரே எண்ணாகச் சொல்ல முடியாவிட்டால் இரண்டு எல்லைகளுக்குள் சொல்லுங்கள். கைவிடும் வீத ஊகம் மாறினால் அந்த எல்லை எந்தப் பக்கம் நகரும் என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள், ஆகஸ்ட் 3இல் சொன்ன வரம்பு வாக்கியத்துக்கு அதுவே இயல்பான இடம்.

மூன்றாவது ஸ்லைடின் வரைபடத்தில் ஆயிரம் கோடுகளும் பல வண்ணத்தில் இருக்கின்றன. எழுநூறைச் சாம்பல் நிறத்தில் மங்கலாக்கிவிட்டு முந்நூறை மட்டும் அடர்த்தியாக்குங்கள், சிடிஇ பற்றிய பத்தியில் பாதியை வாயால் சொல்லத் தேவையிருக்காது.

கடைசி ஸ்லைடில் "நன்றி" என்று மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டுப் பரிந்துரையை அங்கே மறுபடி எழுதுங்கள். கேள்வி நேரம் முழுவதும் திரையில் நிற்கப்போவது அந்த ஸ்லைடுதான். நன்றியை வாயால் சொல்லிக்கொள்ளலாம்.